கஞ்சித்தொட்டி முதல் காப்பீட்டு அட்டை வரை: ஒரு பெயரின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மிஸ் ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்துகிறாரே என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். முடிந்தால் வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். இதில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

என்னிடம் படித்தவர்களில் நிறையப் பேர் இன்று மெடிக்கல் பில்லிங் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சாயங்காலம் கேப் ஏறி விடியற்காலையில் வீடு திரும்புகிறீர்கள். அமெரிக்காவில் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, காப்பீட்டு எண் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவதற்கு 'டெமோ என்ட்ரி' என்று பெயர் என நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஓர் எழுத்து பிசகினாலும் கிளெய்ம் திரும்பி வந்துவிடும், '31' என்று ஒரு காரண எண் போட்டு 'இந்த நோயாளி எங்களிடம் காப்பீடு செய்தவர் என்று அடையாளம் காண முடியவில்லை' என்று அனுப்புவார்கள் என்றும் சொன்னீர்கள்.

அந்த வாசகத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. நம் வடசென்னையில் எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் இதே பதிலைக் கேட்டிருப்பார்கள்? ஆள் எதிரே நிற்கிறார், நோயும் உடம்பில் இருக்கிறது, ஆனால் ஏட்டில் இருக்கும் பெயர் அவருடையது இல்லை என்கிறார்கள். இந்த நிலை எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் பாட்டிமார்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். ஹைதர் அலியுடன் நடந்த போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782 வாக்கில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் 'மணேகர் சவுல்ட்ரி' ஆயிற்று. அங்கே கஞ்சியோடு வைத்தியமும் சேர்ந்தது. அந்த வேரில்தான் இன்றைய ஸ்டான்லி வளர்ந்தது. 1938இல் அது மருத்துவக் கல்லூரியும் ஆனது. கஞ்சிக்கு வரிசையில் நிற்பவருக்குப் பசிதான் அடையாளம். அவர் அப்பா பெயர் என்ன, எந்த மாவட்டம் என்று கேட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டிய தேவை இல்லை. தர்மமாகக் கொடுக்கும் இடத்தில் பெயர் தேவைப்படாது. ஆனால் ஒன்று, தர்மமாக வருவதை 'என் உரிமை, கொடு' என்று யாரும் கேட்கவும் முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது பிறந்த தேதி. ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி 1880இலேயே வந்துவிட்டது. ஆனாலும் நம் குப்பங்களிலும் சேரிகளிலும் பிரசவம் என்றால் வெகுகாலம் வீட்டில்தான், மருத்துவச்சி கையில்தான். பிறப்பை எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. 'பெரிய புயல் வந்த வருஷம்', 'ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்' என்பதுதான் கணக்கு. நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது.

அப்படியானால் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சேர்த்தார்கள்? தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறப்பதோ ஜூனில். ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத் தலைமையாசிரியர்கள் மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தாத்தா, பெரியப்பா வயதில் இருப்பவர்களின் பிறந்தநாளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மே, ஜூனில் இருப்பார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஏடு பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவருவதற்காக எழுதப்பட்டது, அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு காப்பீட்டுக் கம்பெனி அந்தத் தேதியை வேறொரு அட்டையோடு ஒப்பிடும் என்று யார் கண்டார்கள்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னப் பட்டறையாக 1946இல் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அதுவே 1955இல் அசோக் லேலண்ட். அதே 1955இல் என்ஃபீல்டு. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் ஒரு நகருக்கும் ரயில் நிலையத்துக்குமே நிலைத்துவிட்டது. வேலைக்கு ஆட்கள் தெற்கேயிருந்து வந்தார்கள், வட ஆற்காட்டிலிருந்து வந்தார்கள், நெல்லூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். ஆலை வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் நம்பர் கொடுத்து, பெயரை எழுதிக்கொண்டார்கள். சொன்னது ஒரு பாஷை, எழுதியது இன்னொரு பாஷை.

இங்கேதான் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். 1943இல் பேராசிரியர் பி.பி. அடார்க்கர் என்பவரிடம், தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எப்படி ஏற்படுத்தலாம் என்று அறிக்கை தரும்படி அன்றைய அரசு கேட்டது. அவர் 1944இல் கொடுத்தார். அதன் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நம் வாயில் அது ஈ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்துக்கு 1955இல் கோவை வழியாக வந்தது. இன்று மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி கட்ட, 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார்.

கஞ்சித்தொட்டிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் என்ன வித்தியாசம்? இங்கே தொழிலாளி காசு கட்டியிருக்கிறார். டிஸ்பென்சரி வாசலில் அவர் யாசகம் கேட்டு நிற்கவில்லை, தன் பாக்கியைக் கேட்டு நிற்கிறார். ஆனால் அந்த உரிமைக்கு ஒரு விலையும் உண்டு: நான்தான் அந்த ஆள் என்று ஏட்டின் மூலம் நிரூபிக்க வேண்டும். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி, குடும்பத்தில் யார் யார், எல்லாம் வேலையில் சேரும்போதே எழுதித் தர வேண்டும். அப்படி எழுதியதுதான் பிறகு பேசும்.

ஒரு சின்னக் கணக்கு. ஈ.எஸ்.ஐ.யில் உடம்பு சரியில்லாமல் லீவில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஓர் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். எண்ணூர், மணலிப் பக்கம் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஒரு பையன் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒரு கான்ட்ராக்டரிடம் 40 நாள், இன்னொருவரிடம் 45 நாள் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85. தகுதி உண்டு. ஆனால் இரண்டாவது கான்ட்ராக்டர் பழைய எண்ணைக் கேட்காமல், பெயரை வேறு எழுத்துக் கூட்டி புது எண் வாங்கிவிட்டார். இப்போது ஏட்டில் இரண்டு ஆள்: ஒருவருக்கு 40 நாள், ஒருவருக்கு 45 நாள். இரண்டு பேருக்கும் தகுதி இல்லை! உழைத்தது ஒரே உடம்பு, சந்தா பிடித்தது ஒரே சம்பளத்தில். இத்தனைக்கும் ஒரு தொழிலாளிக்கு வாழ்நாள் முழுக்க ஒரே காப்பீட்டு எண் என்பதுதான் விதி. வேலை மாறும்போது முதலில் கொடுக்க வேண்டியது அந்தப் பழைய எண்ணைத்தான்.

ஆலைக்கு வெளியே இருந்தவர்கள்? மீனவர்கள், மீன் விற்கும் பெண்கள், துறைமுகத்தில் தினக்கூலிக்குச் சுமை இறக்குபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீடு என்ற சொல் எட்டியது 2009 ஜூலையில்தான். அப்போதைய முதல்வர் கருணாநிதி தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012 ஜனவரியில் முதல்வர் ஜெயலலிதா அதற்குப் பதிலாக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். 2018இல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் 'குடும்பம்' என்பது எது? ரேஷன் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்று எழுதப்பட்ட ஏடு, இதய ஆபரேஷனுக்கு யாருக்குத் தகுதி என்று சொல்லும் ஏடாகிவிட்டது! பணம் கட்டுவது காப்பீட்டுக் கம்பெனி என்பதால், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவு நோயாளியின் விவரத்தையும் நோயையும் அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகு பில் அனுப்ப வேண்டும். நடுவில் எங்கேயாவது பெயரோ வயதோ முட்டினால் கேள்வி கேட்டுத் திருப்புவார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கும் இந்தத் திட்டத்தில் பணம் வருகிறது. ஆகவே ஸ்டான்லியில் இலவசமாகத்தானே பார்க்கிறார்கள், கார்டு எதற்கு என்று இருக்காதீர்கள். உங்கள் பதிவு சரியாக இருந்தால் அந்தப் பணம் நம் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும்.

இனி நம் பெயர்களின் சிக்கலுக்கு வருகிறேன். ஜெயலட்சுமி என்று ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். திருவொற்றியூரில் பிறந்தவர், அப்பா பெயர் முனுசாமி. பள்ளி ஏட்டில் மு. ஜெயலட்சுமி. ஆங்கிலத்தில் ஒருவர் 'லக்ஷ்மி' என்று எழுத, இன்னொருவர் 'லட்சுமி' என்றே எழுத்துக் கூட்டினார். தனசேகரைக் கல்யாணம் செய்துகொண்டதும் ரேஷன் கார்டில் த. ஜெயலட்சுமி. அந்த 'த' ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'டி', இன்னோரிடத்தில் 'டிஎச்'. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது சர்நேம்? ஒருவர் புருஷன் பெயரைப் போட்டார், ஒருவர் அப்பா பெயரைப் போட்டார், ஒருவர் ஜெய என்றும் லட்சுமி என்றும் ஒரே பெயரை இரண்டாக வெட்டிப் போட்டார். ஆதார் எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழ் இல்லை, வயதை மட்டும் சொன்னார், ஜனவரி 1 என்று வந்தது. வீட்டிலும் தெருவிலும் அவர் பெயர் 'பாப்பா'. மயக்கமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் பக்கத்து வீட்டுப் பையன். அவன் சீட்டில் சொன்ன பெயர் அதுதான்.

நம் தெலுங்குக் குடும்பங்களில் இனிஷியல் என்பது அப்பா பெயர் அல்ல, வீட்டுப் பெயர். ராயபுரம், காசிமேடு கத்தோலிக்கக் குடும்பங்களிலோ ஒரே தெருவில் நான்கு அந்தோணி, ஐந்து மேரி. இது வெறும் பில் சமாச்சாரம் இல்லை. ஒரு மேரியின் ரத்தப் பிரிவு இன்னொரு மேரியின் கேஸ் ஷீட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் வேலையில் இருக்கும் என் மாணவிகளைக் கேளுங்கள். பெயரும் பிறந்த தேதியும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்பது உங்களைத் தொந்தரவு செய்வதற்காக அல்ல.

ஆள் இடம் மாறாமலே முகவரி மாறிய கதையும் நமக்கு உண்டு. அதே ஜெயலட்சுமி அம்மா திருவொற்றியூர் வீட்டை விட்டு ஒரு நாளும் நகரவில்லை. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், திருவொற்றியூர் நகராட்சி. 1997இல் திருவள்ளூர் மாவட்டம். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன, ஆனால் மாவட்டம் திருவள்ளூராகவே இருந்தது. 2018இல்தான் மாவட்டமும் சென்னை ஆனது. நடுவில் 1996இல் மெட்ராஸும் சென்னை ஆகிவிட்டது. கதவு எண்ணில் பழையது, புதியது என்று இரண்டு. ஊர் பெயரையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். மாறாமல் இருப்பது 600019 என்ற பின்கோடு ஒன்றுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும்தானா? இல்லை. நீங்கள் ராத்திரி முழுக்கப் பார்க்கும் அமெரிக்க மெடிகேரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட திட்டம் அது. வெகுகாலம் அதன் எண் சமூகப் பாதுகாப்பு எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்ததாக இருந்தது. சம்பாதித்தவருக்கு 'ஏ'. அவர் சம்பாத்தியத்தில் தகுதி பெறும் மனைவிக்கு, கணவர் எண்ணோடு 'பி'. கணவர் இறந்தால் அந்த 'பி' மாறி 'டி' ஆகும். நம் பெண்களுக்குக் கல்யாணத்தில் இனிஷியல் மாறுவதைப் போல அங்கே விதவையானால் எழுத்து மாறியது. எண் திருட்டுக்குப் பயந்து 2018 முதல் புது அட்டை கொடுத்தார்கள். 11 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் யாருடைய மனைவி, யாருடைய விதவை என்ற தகவலே கிடையாது. இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள்: எண்களோடு குழம்பக்கூடிய எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் என்ற ஆறு எழுத்துகளையும் அதில் பயன்படுத்தவே இல்லை. மனிதர் தவறுவார் என்று தெரிந்து, தவற முடியாதபடி ஏட்டைத் திருத்தினார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் பெயரை ஒவ்வொரு ஏட்டிலும் எழுதியவர் வேறொருவர், எழுதிய காரணமும் வேறு. பள்ளி ஏடு சேர்க்கைக்காக, ஆலை ஏடு கூலிக்காக, ரேஷன் ஏடு அரிசிக்காக. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இன்று காப்பீடு கேட்கிறது. அந்த முரண்பாட்டைத் தீர்க்கும் சுமை, அவற்றை எழுதாதவர் தலையில், அதுவும் அவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது விழுகிறது. அது நியாயமில்லைதான். ஆனாலும் அந்த நியாயத்தைக் கவுன்டரில் நின்று வாதாட நேரம் இருக்காது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்து வைப்போம்.

முதலில், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் ஒரே பாயில் பரப்புங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் தானே தெரியும்.

இரண்டாவது, எதை எதற்குப் பொருத்துவது என்று யோசித்துவிட்டுத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டு அந்த வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கல்யாணமான பெண்கள். அப்பா வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிட்டு, புருஷன் வீட்டுக் கார்டில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் அந்தப் பெண் எந்தக் குடும்பத்திலும் இல்லை. முதல் பிரசவமும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. ரேஷன் கார்டு திருத்தத்துக்குச் சென்னையில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடத்துகிறார்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, பிறந்த குழந்தை. பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 15 வயது வரை தாமதக் கட்டணம் உண்டு. ஆங்கில எழுத்துக் கூட்டலை அன்றைக்கே முடிவு செய்து, அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். நியூமராலஜி பார்த்து நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டுவதெல்லாம் வேண்டாம், கண்ணுகளா!

ஆஸ்பத்திரி கவுன்டரிலும், ஆலை அலுவலகத்திலும், இ-சேவை மையத்திலும் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எதிரே நிற்பவர் பெயரைச் சொன்னதும் தட்டிவிடாதீர்கள். 'கார்டில் எப்படி இருக்கு, காட்டுங்கம்மா' என்று ஒருமுறை கேளுங்கள். தட்டியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு இன்னும் நிதானமாகச் சொல்லுங்கள். பழைய எண் இருக்கிறதா என்று கேட்காமல் புது எண் போடாதீர்கள். முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கரின் பெயரை நான்கு முறை சரிபார்க்கும் திறமை உங்களிடம் இருக்கிறது. அதே திறமை காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் நம் அம்மாவுக்கும் கிடைக்க வேண்டாமா?

கஞ்சித்தொட்டியில் பெயர் கேட்கவில்லை, அது தர்மம். இன்று பெயர் கேட்கிறார்கள், ஏனென்றால் இது உரிமை. உரிமைக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அட்டைகளில் என்னென்ன வித்தியாசம் கண்டுபிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அட்டை எண்ணையோ படத்தையோ மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள். திருத்துவதற்கு யாருக்காவது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், தாலுகா அலுவலகத்திலும் இ-சேவையிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு மிஸ்